ஏழாம் தூணும் எவர்சில்வர் கேரியரும்

ரோபோவுக்கு வழிகாட்டும் வேலை என்றால் கல்யாணத் தரகர் வரைக்கும் மரியாதை. வேலை என்னவோ தூணுக்குத் தூண் டப்பா மாட்டுவதுதான். தீப்பெட்டி அளவு டப்பா, மெல்லிசாக ரேடியோ சிக்னல் விடும். அதைக் கேட்டுத்தான் சாமான் சுமக்கும் தானியங்கி வண்டி, தான் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொள்ளும். மெஷினுக்குப் பின்னாலேயே ஓடித் தேய்ந்த தோழர்களே, மிச்சம் உங்களுக்கே புரியும்.

யாரைத் திட்டுவது?

வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் கார் சீட் தைக்கும் கம்பெனி. ஏணி ஏறச் சோம்பல்பட்டு, கை எட்டும் உயரத்திலேயே கம்பி வளைத்து டப்பாக்களை மாட்டினேன். பேட்டரி மாற்றச் சுலபம் பாருங்கள்! தையல் லைன் லீடர் மேகலா அக்கா வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"இன்னாம்மா, இது முட்டினா யாரைத் திட்றது, உன்னையா டப்பாவையா?"

காலையில் மட்டும்

காலையில் ஏழாம் தூணிடம் வந்ததும் வண்டி முழிக்கும். திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நேரே கேன்டீனுக்குப் போய்விடும். சாப்பாட்டு நேரத்துக்கு அப்புறம் தங்கமாக ஓடும். மூன்று நாள் சாஃப்ட்வேரைக் குடைந்தும் ஒன்றும் புலப்படவில்லை.

எனக்கென்று தனியாகக் கொடுத்த முதல் சைட் இது. சொதப்பினால் மறுபடி சீனியர்களின் லேப்டாப் பையைத் தூக்கவேண்டியதுதான். தையல் கம்பெனி மேனேஜர் வேறு சிரிக்காமல் சொன்னார்:

"வெள்ளிக்கிழமை காலையிலயும் இப்படியே பண்ணா, வண்டியப் பெட்டியில போட்டு எடுத்துட்டுப் போயிடுங்க."

எறும்பு

வியாழக்கிழமை ஷிஃப்ட் தொடங்கியதுமே ஏழாம் தூணுக்கு ஓடினேன். டப்பாவையே காணோம். என் கம்பியில் ஐந்து சாப்பாட்டுப் பை, ஒவ்வொன்றிலும் எவர்சில்வர் கேரியர். அத்தனை எவர்சில்வரைத் தாண்டி சிக்னல் எங்கே போகும்! மதியம் பை இறங்கினால்தான் வண்டிக்குக் காது கேட்கிறது. வந்த கோபத்தில் அக்காவிடம் கத்திவிட்டேன். அவர் என்னைவிட ஆச்சரியப்பட்டார்.

"கீழ வெச்சா எறும்பு மொய்க்குதும்மா. கொக்கி கேட்டு ஆறு மாசமா அலையறோம். நீதான் மாட்டிக் குடுத்தேன்னு நெனச்சிக்கினு இருந்தோம்!"

வெள்ளிக்கிழமை

மேனேஜர் கைகட்டி நின்றார். வண்டி ஏழாம் தூணில் அழகாகத் திரும்பியது. அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள் டக்கென்று நின்றுவிட்டது. போச்சு! "மறுபடியுமா?" என்றார் மேனேஜர்.

எட்டிப் பார்த்தால், பாதை நடுவில் மேகலா அக்கா! ஐந்து பையும் தோளிலும் கையிலும். ஆள் குறுக்கே நின்றால் வண்டி நின்றுதான் ஆகவேண்டும்.

"வண்டி மேல தப்பு இல்ல சார், ஒழுங்காத்தான் திரும்பி வந்துச்சு. இந்தப் பையெல்லாம் மாட்ட செவுத்துல அஞ்சு கொக்கி அடிச்சுக் குடுங்க, நான் நகர்ந்துக்கிறேன்."

அன்றே கொக்கி வந்தது, வண்டி தங்கியது, நானும் தங்கினேன். ரோபோவுக்கு வழிகாட்ட முதலில் என்ன வேண்டும் என்று யாராவது கேட்டால், சோற்றுப் பைக்கு ஒரு கொக்கி என்கிறேன்.