கரீம் பாய் போட்டுவிட்ட ஷூ

வியாழக்கிழமை காலை முதல் செட் முடிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. ஷூ கடை கரீம் பாயின் மகள் பேசினாள். "டீச்சர், அத்தா மௌத்தாயிட்டாங்க. சுபுஹு தொழுதுட்டு வந்து உட்கார்ந்தாங்க, அவ்வளவுதான்." நான் "சரிம்மா, வர்றேன்" என்றேன். உடன் ஆடிய மூவரிடமும் பாய் இறந்துபோனதைச் சொன்னேன். யாருக்கும் மேற்கொண்டு ஆட மனமில்லை. மட்டைகளை உறையில் போட்டுக்கொண்டு நால்வரும் அப்படியே அவர் வீட்டுக்குப் போனோம்.

டென்னிஸ் கிளப் நண்பர்களான உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். திருவாரூர் கடைத்தெருவில் இருந்த அவர் கடையின் முக்காலியில் ஒரு தடவையாவது உட்கார்ந்திருப்பீர்கள். ஆனால் கரீம் பாய் ஒரு நாளும் டென்னிஸ் ஆடியதில்லை. ஷார்ஜாவில் விளையாட்டுச் சாமான் கடை ஒன்றில் பதினான்கு வருஷம் வேலை பார்த்தவர். "நான் ஆடுனவன் இல்ல டீச்சர், நின்னவன். பளிங்குத் தரையில நாளெல்லாம் நின்னா குதிகால் எல்லாத்தையும் சொல்லிக்குடுத்துடும்" என்பார். வெளிநாட்டு ஷூக்கள் நம் ஊர்ப் பக்கமும் பெட்டி பெட்டியாக வரத் தொடங்கியிருந்த காலத்தில் ஊர் திரும்பிக் கடை போட்டார். ஊரில் பாதி அதிகாரிகளின் காலைப் பிடித்தவர், பதிலுக்கு ஒரு காரியமும் கேட்காதவர்.

நம் மைதானம் முன்பு மண் தரை. ஐப்பசி மழையில் அது நாற்றங்காலாகிவிடும் என்று சிமெண்ட் போட்டார்கள். மழைக்குத் தப்பினோம், முட்டி வலிக்குத் தப்பவில்லை. ஐம்பதைத் தாண்டிய ஒவ்வொருவராக பாயிடம் போனோம். காலையில் போனால் அவர் அளவே எடுக்க மாட்டார். "சாயந்திரம் வாங்க. கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அதான் நெஜ அளவு. ஆடுறப்ப போடுற சாக்ஸையும் எடுத்துட்டு வாங்க, பழைய ஷூவையும் கொண்டாங்க." பழைய ஷூ எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அடிப்பாகம் புதிதாகவே இருந்தாலும் உள்ளே கட்டைவிரலை விட்டு அமுக்கி, "பஞ்சு செத்துப்போச்சு" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். எது மிருதுவோ அதுதான் நல்லது என்று நாங்கள் நினைத்திருந்தோம். அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. "மெத்தையில நின்னு ஆட முடியுமாங்க? குதிகாலுக்கு மெத்தை வேணும், பக்கவாட்டுக்குச் சுவர் வேணும்."

இனி என் சங்கதி. என் கணவர்தான் எனக்கு டென்னிஸ் சொல்லிக்கொடுத்தார். அவர் போன பிறகு, பள்ளியில் கணக்குப் பாடம் நடத்துவதும் காலையில் ஒரு மணி நேரம் ஆடுவதும்தான் என்னை வீட்டுக்குள் முடங்கவிடாமல் வைத்திருந்தன. ஒரே மகன், கம்ப்யூட்டர் வேலைக்கு அமெரிக்கா போய்விட்டான். அங்கிருந்து எனக்கு ஒரு ஜோடி ஷூ அனுப்பினான். வானத்து நீலம், தடித்த அடிப்பாகம், போட்டால் கால் தரையிலேயே இல்லை. மறுநாளே போட்டுக்கொண்டு போய் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன். அந்தப் பக்கமாக வந்த பாய் பார்த்தார். "நல்ல ஷூ டீச்சர். ஆனா இது நேரா ஓடுறவங்களுக்கு. நீங்க பக்கவாட்டுல ஓடுறீங்க. உசரமா இருக்கு, கணுக்கால் மடங்கிடும். இதைப் போட்டு ஆடாதீங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. தன் கடையில் வாங்கவில்லை என்ற வயிற்றெரிச்சல் என்று நினைத்தேன். நினைத்ததோடு விடாமல் நாலு பேர் முன்னால் சொல்லியும் காட்டினேன். அதைக் கேட்டுக்கொண்டே அவர் கடை திறக்கக் கிளம்பிவிட்டார்.

சரியாகப் பதினோராம் நாள், இடது பக்கம் வந்த பந்துக்கு எட்டியபோது கணுக்கால் மடங்கி விழுந்தேன். வீம்புக்குக் கிடைத்த பரிசு. இன்னொரு தடவை இப்படி ஆனால் ஆட்டத்தையே மறந்துவிட வேண்டியதுதான் என்றார் டாக்டர். கட்டுப் பிரித்த அன்று சாயங்காலம் பாய் ஒரு அட்டைப்பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். நான் சொன்ன சொல்லை அவர் எடுக்கவே இல்லை. தரையில் உட்கார்ந்து எனக்கு ஷூவைப் போட்டுவிட்டார். முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம், குதிகால் வழுக்காத பிடிப்பு. நடந்து பார்த்தேன், அச்சாகப் பொருந்தியது. "மகன்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார்.

"எதை?"

"அந்த ஷூ ஒத்துக்கலைன்னு."

"அவ்வளவு தூரத்துலேருந்து ஆசையா அனுப்பியிருக்கான் பாய். எப்படிச் சொல்றது? விழுந்ததையே நான் சொல்லல."

அவர் காலிப் பெட்டியை மூடி ஓரமாக வைத்தார். பிறகு சொன்னார். "நான் லீவுல வர்றப்பல்லாம் எங்க அத்தாவுக்கு ஒரு ஜோடி வாங்கிட்டு வருவேன். போட்டுக்கிட்டுத்தான் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போவாங்க, மகன் வாங்குனதுன்னு எல்லாருக்கும் காட்டுவாங்க. அத்தா மௌத்தானப்ப நான் ஊர்ல இருந்தேன், நான்தான் குளிப்பாட்டுனேன். அப்பதான் பார்த்தேன், ரெண்டு கட்டைவிரல் நகமும் கருத்துக் கெடந்துச்சு. நான் வாங்குனது பூராவும் ஒரு நம்பர் சின்னது. ஊர் காலுக்கெல்லாம் அளவு பார்த்தவன், அத்தா கால்ல அளவு பார்க்கல. அவங்களும் ஒரு வார்த்தை சொல்லல. ஏன் சொல்லலைன்னு இப்ப யார்கிட்ட போய்க் கேக்கறது? அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்னு பிள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுக்கறவங்க நீங்க. சொல்லிடுங்க டீச்சர்."

அந்த ஞாயிற்றுக்கிழமை மகன் பேசியபோது விழுந்ததையும் ஷூவையும் சொன்னேன். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. "அடுத்த தடவை அந்தக் கடைக்காரர்கிட்டயே கேட்டு வாங்கறேம்மா" என்றான். சொன்னபடியே கேட்டான். என் வீட்டுத் தொலைபேசியில் பாய் அவனுக்கு அரைமணி நேரம் பாடம் நடத்தினார். நான் வகுப்பில்கூட அத்தனை பொறுமையாக நடத்தியதில்லை. நாலு பேர் முன்னால் நான் பேசியதற்கு ஒரு நாள் மன்னிப்புக் கேட்டேன். "கால் சரியாயிடுச்சுல்ல, விடுங்க" என்றார். அதற்கப்புறம் இத்தனை வருஷமும் நான் விழவில்லை.

அவரை அடக்கம் செய்த அந்த வாரம் எனக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை மகன் அழைத்தான். "எப்படிம்மா இருக்க?" என்று கேட்டான். நல்லா இருக்கேன், உனக்கு வேலை இருக்கும், லீவு கிடைக்கறப்ப வா. வருஷக்கணக்காக நான் ஒப்பித்துவந்த இந்தப் பதில்தான் வாய் வரைக்கும் வந்தது. அவன் வந்து நாலு வருஷமாகிறது. கரீம் பாய் என்னிடம் விட்டுப்போனது எதுவென்று அப்போதுதான் தெரிந்தது. "உடம்புக்கு ஒண்ணுமில்லப்பா. உன்னைப் பார்க்கணும்போல இருக்கு. ரொம்ப நாளாவே இருக்கு" என்றேன்.

"இதை ஏம்மா இத்தனை நாளாச் சொல்லல?" என்றான்.

தன் அத்தாவிடம் கேட்க முடியாமல் போனதே என்று கரீம் பாய் வருந்திய கேள்வி அது. என் மகன் கேட்டுவிட்டான். பதில் சொல்ல நான் இருந்தேன்.