விடுபட்ட கடல்

எழுத்தைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். வசனம் நேராக வராது, ஞாபகத்திலும் அங்கங்கே ஓட்டை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில், கல்முனையில் படிப்பித்துக்கொண்டிருந்த என் தங்கையின் மகள் ஒரு வேதக்கார டீச்சரை வீட்டுக்குக் கூட்டி வந்தாள். ஆதி காலத்தில் பைபிளைக் கிரேக்க மொழியில் கையால் பிரதி எடுத்தவர்களைப் பற்றி வெளிநாட்டில் படித்தவர். ஒரு பிரதியை எத்தனை பேர் எழுதினார்கள், எங்கே களைத்தார்கள், எங்கே மை மாற்றினார்கள் என்று தோல் ஏடுகளைப் பார்த்துக் கண்டுபிடிப்பதுதான் படிப்பாம். பைல் நிறைய அந்த ஏடுகளின் படங்கள். வழியில் சோதனைச் சாவடியில் அதை இரகசிய எழுத்தென்று நினைத்து ஒரு மணித்தியாலம் மறித்துவிட்டார்களாம். “ரெண்டு ஆமிக்காரருக்கு இப்ப கிரேக்க அரிச்சுவடி தெரியும்” என்றார்.

அவர் வந்தது எங்கள் கிதாபைப் பார்க்க. என் மாமனார் மார்க்கம் படித்த ஓர் ஆலிம். ஒரு வலியுல்லாவின், இறைநேசரின், சரித்திரத்தை அரபுத்தமிழில், அதாவது அரபு எழுத்தில் தமிழாக, எழுதி வைத்துவிட்டு மௌத்தானவர். வருஷத்துக்கொரு தரம் என் கணவர் அதை வீட்டில் ஓதுவார். ஆண்கள் முன் மண்டபத்தில், நாங்கள் திரைக்குப் பின்னால். வலியுல்லா கப்பலில் கால் வைப்பார், அடுத்த வரியில் யெமன் கரையில் இறங்குவார். அங்கே இவர் நிறுத்தி, கண்ணைத் துடைத்து, கடலே சுருங்கிய கராமத்து, வலிமாருக்கே நடக்கும் அற்புதம் இது என்று விளக்குவார். அதைக் கேட்கவே நிந்தவூரிலிருந்து ஆட்கள் வருவார்கள்.

கடலைச் சுருக்கியவள் நான்.

மாமனார் போனபின் கிதாபு பெட்டகத்தில் கிடந்தது. நான் மருமகளாக வந்த வருஷம் திறந்தால், பின்பாதியைக் கறையான் அரிக்கத் தொடங்கியிருந்தது. இவர் வேளாண்மை வெட்டுக்கு மாவடிப்பள்ளிப் பக்கம் போய் வயல் வாடியில் நின்ற நாட்களில், அரபு எழுத்து ஓதிப் பழகியிருந்த என்னை மாமி குசினியில் இருத்திப் பார்த்தெழுத வைத்தார். அரித்த தாள்களை மரியாதையாக ஆற்றில் விட்டோம். முதல் ஓதலில், எழுதமுன் நான் வாசித்திருந்த புயல் வராதபோதுதான் எனக்கு விளங்கியது. ‘அல்லாஹ்வின் கிருபையால்’ என்று முடிந்த வரிகள் இரண்டு. முதலாவதை எழுதிவிட்டு அடுப்பைப் பார்த்துத் திரும்பிய என் கண், இரண்டாவதில் போய் நின்றிருக்கிறது. நடுவிலிருந்த புயல் முழுவதும் போயிற்று. மாமியிடம் சொல்லி அழுதேன்.

“புயல் போனது நல்லந்தானே புள்ள. வாயத் தொறக்காத” என்றார்.

எல்லாமே வாப்பாவின் கையெழுத்து என்றுதான் இவர் ஊருக்கெல்லாம் காட்டிவந்தார்.

டீச்சர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். “ஹாஜியார், இதில ரெண்டு கை இருக்கு.”

“ஒரு கைதான். எங்கட வாப்பாட” என்றார் இவர்.

முன்பாதியில் எழுத்துச் சாய்வு, பின்பாதியில் உருண்டை என்று டீச்சர் காட்டினார். பிறகு தாளின் கீழ் மூலையை முகர்ந்தார். “தேங்காயெண்ணெய். இந்த ஆள் அடுப்புக்குக் கிட்ட இருந்து எழுதியிருக்கார்.”

“எங்கட வாப்பா குசினிப் பக்கமே போகமாட்டார்.”

“ஓம் ஹாஜியார். அதத்தான் நானும் சொல்றன்.”

நான் தேத்தண்ணித் தட்டோடு நின்றேன். கப்பல் இடத்துக்கு வந்ததும் டீச்சர், இங்கே ஏதோ விடுபட்டிருக்கிறது என்று சொல்லி ஒரு படத்தை எடுத்தார். சொல்லுக்குச் சொல் இடைவெளியே இல்லாத கிரேக்கப் பக்கம். அதிலும் ஒருவர் ஒரேமாதிரி முடிந்த இரண்டு வரிக்கு நடுவில் தாண்டியிருந்தார். பின்னால் வந்த யாரோ விடுபட்டதை ஓரத்தில் பொடி எழுத்தில் சேர்த்திருந்தார். அந்த மனிதருக்கும் அடுப்பில் ஏதோ இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

“இவர்ர பேர் ஒருத்தருக்கும் தெரியா” என்றார் டீச்சர். “உங்கட ரெண்டாவது ஆளையும் அப்பிடித்தான் எழுதப்போறன்.”

“அது நான்தான்” என்றேன். அந்நிய ஆட்களுக்கு முன்னால் நான் அவ்வளவு சத்தமாகக் கதைத்தது அன்றைக்குத்தான்.

இவர் தேத்தண்ணியை முழுதாகக் குடித்து முடித்தார். டீச்சர் போனபின், “எத்தின பேருக்குக் காட்டியிரிக்கன்” என்று மட்டும் சொன்னார். மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. நான் வைத்த சாப்பாட்டை மட்டும் குறை வைக்காமல் சாப்பிட்டார்.

அந்த வருஷ ஓதலில் வலியுல்லா கப்பல் ஏறினார், இறங்கினார். இவர் நிறுத்தாமல் போனார். நிந்தவூர்ப் பெரியவர் ஒருவர் மறித்து, “கராமத்தச் சொல்லல்லியே ஹாஜியார்?” என்றார்.

“எழுதினவ திரைக்குப் பின்னால இரிக்கா” என்றார் இவர். “அவவிட்டக் கேளுங்க.”

பெண்களெல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் பாயைப் பார்த்தேன். ஒருவரும் கேட்கவில்லை. இவர் அடுத்த வரியை ஓதத் தொடங்கினார்.

டீச்சர் படித்தது எந்த நாட்டில், அந்தப் படம் பைபிளில் எந்தப் பகுதி என்பதெல்லாம் எனக்குச் சரியாகத் தெரியாது. தங்கையின் மகளுக்குத் தெரியும். யாராவது அவளிடம் கேட்டுச் சரிபார்த்துத் தாருங்கள்.