பானையில் மிச்சமிருந்த தவளை

கொல்வது எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டுதான் அந்த ஆய்வுக்கூடத்துக்குள் போனேன். கந்தர்வக்கோட்டைப் பக்கத்து மானாவாரிக் காட்டில் வளர்ந்தவன் நான். நாய் கவ்விய முயலைப் பிடுங்கி, பின்னங்கால்களைச் சேர்த்துத் தூக்கி, உள்ளங்கையின் விளிம்பால் பிடரியில் ஒரே வெட்டு. பன்னிரண்டு வயதிலேயே பழகிய கை.

சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். புதுக்கோட்டையில் புகுமுக வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். விலங்கியல் வகுப்பில் தவளையை அறுத்து, துடிக்கிற இதயத்தை, செய்முறை வகுப்பு நடத்துகிற டெமான்ஸ்ட்ரேட்டரிடம் காட்ட வேண்டும். காட்டினால்தான் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து. கையெழுத்து இல்லாதவன் பரீட்சை எழுத முடியாது. தவறினால் ஏர் பிடிக்க வந்துவிடு என்று அப்பா சொல்லியிருந்தார். முந்தைய வகுப்புகளுக்குப் போகாமல் நான் ஊர் சுற்றியிருந்ததால், அன்றைய வகுப்புதான் எனக்குக் கடைசி வாய்ப்பு. என் மேசையில் பக்கத்தில் நின்றவன் திருமயம் பக்கத்து வியாபாரக் குடும்பத்துப் பையன். காய்ச்சலில் கிடந்து வந்த அவனுக்கும் அன்றுதான் கடைசி.

பங்குனி வெயிலில் கண்மாய் வற்றிப்போயிருந்தது. அட்டெண்டர் கிணறு கிணறாக இறங்கித் தவளைகளைப் பிடித்துப் பானையில் வைத்திருந்தார். ஆளுக்கு ஒன்று. குளோரோஃபார்ம் தீர்ந்துவிட்டதால், பிடரிக் குழியில் ஊசியை இறக்கி மூளையைக் கலைக்கச் சொன்னார் டெமான்ஸ்ட்ரேட்டர். மூளை செத்த பிறகும் இதயம் துடிக்குமாம். இரண்டு தடவை குத்தினேன். வழுக்கிக்கொண்டு கத்தியது. ஊசியை வீசிவிட்டு, மேசையில் அமுக்கி, முயலை அடிப்பதுபோல் ஓங்கி அடித்தேன். அசைவு நின்றது.

"எனக்கும் கொன்னு குடு மாப்ள," என்று தன் தவளையை நீட்டினான் பக்கத்தில் நின்றவன்.

"மொதலாளிக்கு ரத்தம்னா ஆகாதோ?"

"பேசாம அடிறா."

அதையும் அடித்தேன். இரண்டையும் அறுத்துப் பார்த்தால் உள்ளே ரத்தக் குழம்பு. இதயம் நசுங்கிய களாப்பழம் மாதிரி ஒட்டிக்கிடந்தது.

"தவளைக்கு வெலா எலும்பே கெடையாதுடா, தடியா! மொயல்னு நெனைச்சியா?" டெமான்ஸ்ட்ரேட்டர் மரஸ்கேலின் விளிம்பால் என் விரல் முட்டிகளில் அடித்தார். தோல் பிய்ந்தது.

"இவந்தான் சார் அடிச்சான், நான் தொடவே இல்ல," என்றான் பக்கத்தில் நின்றவன்.

அவர் பானைக்குள் எட்டிப் பார்த்தார். "ஒண்ணுதான் மிச்சம். அவனுக்குக் குடுங்க," என்று அட்டெண்டரிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீ அடுத்த வருசம் வா."

எனக்கு அடுத்த வருடம் என்று ஒன்று இல்லை. அவன் கை பானைக்குள் போகும்போதே தள்ளிவிட்டுத் தவளையைப் பிடித்தேன். "விடுறா காட்டுப்பயலே!" என்று ஊசியை என் புறங்கையில் இறக்கினான். அது எலும்பில் முட்டி நின்றது. தவளை இல்லாத கையால் அவன் பிடரியில் வெட்டினேன்.

விழும்போது மேசை விளிம்பில் அவன் வாய் மோதியது. பல் உடைகிற சத்தம் கேட்டது. தரையில் கிடந்து இரண்டு முறை காலை உதைத்தான். வாயிலிருந்து ரத்தம் வழிந்தது.

"செத்துட்டான்டா!" என்று யாரோ அலறினார்கள். டெமான்ஸ்ட்ரேட்டரும் அட்டெண்டரும் அவனைத் தூக்கிக்கொண்டு ஓட, மற்றவர்களும் பின்னால் ஓடினார்கள்.

நான் ஓடவில்லை. என் கையில் குத்தியிருந்த ஊசியைப் பிடுங்கி, அதையே தவளையின் பிடரியில் வைத்தேன். முதல் குத்திலேயே இறங்கியது. மல்லாத்தி, நான்கு காலுக்கும் குண்டூசி குத்தி, தோலைக் கிழித்து, மார்பைத் திறந்தேன். இதயம் துடித்தது. அதன்மேல் சொட்டிய என் ரத்தத்தைப் பஞ்சால் ஒற்றி எடுத்தேன்.

வெகுநேரம் கழித்து டெமான்ஸ்ட்ரேட்டர் திரும்பி வந்தார். சட்டையெல்லாம் ரத்தம்.

"உசுரு இருக்கு. நாலு பல்லு போச்சு," என்றார்.

அவர் சொல்லும்போது நான் தவளையின் இதயத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நின்றுவிடுமோ என்ற பயம் மட்டுமே இருந்தது. அதை இன்றுவரை வேறு மாதிரி சொல்லிக்கொள்ள என்னால் முடியவில்லை.

அவர் குனிந்து பார்த்தார். "சரியாத்தான் அறுத்திருக்கே."

ரெக்கார்டு நோட்டை அவர் பக்கம் தள்ளினேன். எடுத்து பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார்.

"போலீசு வர்றதுக்குள்ள போயிரு."

"கையெழுத்து, சார்?" என்றேன்.

அவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். சாயங்காலம் திருச்சி போகிற லாரியில், உப்பு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தேன்.