அண்ணன் செட், தம்பி சைக்கிள்

செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டுத்தான் கலைவாணன் அந்தச் செட்டை ஆன் செய்வார். படகில் ஏறும்போது செருப்பைக் கழற்றுவது அவர் வீட்டு வழக்கம். படகிலிருந்து வந்த செட்டுக்கும் அது பொருந்தும் என்பது அவராகச் செய்துகொண்ட முடிவு. காலை ஆறு மணிக்குக் கோவில்பத்து டீக்கடை வாசலில் வெறுங்காலோடு நின்று, உள்ளங்கை அகலக் கறுப்புப் பெட்டி ஒன்றை வானத்துக்குத் தூக்கிக் காட்டிக்கொண்டிருப்பார். "மூணு சாட்டிலைட் சிக்கிருச்சு சார். நாலாவதும் வந்துட்டா நாம நிக்கிற எடம் தெரிஞ்சிரும்" என்பார். அவர் நிற்கிற இடம் டீக்கடை பெஞ்சில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். அவருக்கு மட்டும் அது எண்ணாக வந்து விழ வேண்டும். விழுந்ததும் பக்கத்தில் நிற்பவர் முதுகில் சந்தோஷமாக ஓர் அடி வைப்பார். ஒருநாள் அதில் என் டீ பாதி சட்டைக்குப் போயிற்று.

வயது நாற்பத்தொன்று. கல்வித் துறை அலுவலகத்தில் எழுத்தர். முத்து முத்தான கையெழுத்து. பிறந்தது கிளிஞ்சல்மேட்டில், தலைமுறை தலைமுறையாகக் கடலுக்குப் போகிற குடும்பத்தில். அண்ணன் அன்பழகனுக்குச் சொந்தமாக விசைப்படகு இருக்கிறது. தம்பிக்கோ கடல் ஒத்துக்கொள்ளவே இல்லை. பதினாறு வயதில் மூன்று முறை படகில் ஏற்றிப் பார்த்தார்கள்; மூன்று முறையும் குடல் வாய்க்கு வந்துவிட்டது. சரி, இவன் படிக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். தூரம் போகிற ஆசை மட்டும் ரத்தத்தில் தங்கிவிட்டது. அதைத்தான் கியர் வைத்த ஒரு நீல சைக்கிளில் தீர்த்துக்கொள்கிறார்.

ஆனால் மனிதருக்கு வாய் நிற்காது. அலுவலகத்தில் அவருக்கு வானொலி என்று பெயர். தன் சம்பளம், வீட்டில் நடந்த சண்டை, மாமனாரின் மூல வியாதி என்று எதையும் கேட்காமலே சொல்லிவிடுவார். போன வருஷம் திருச்சிக்கு என்று சைக்கிளில் கிளம்பியவர், வழி கேட்ட இடத்திலெல்லாம் நின்று பேசி, இரண்டாம் நாள் சாயங்காலம் கும்பகோணத்தில் ஒரு கல்யாண வீட்டில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தார். சைக்கிளை பஸ் மேல் ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தார். அலுவலகம் ஒரு மாதம் சிரித்தது.

இந்தச் சித்திரையில் மாஹேக்கு மாற்றல் உத்தரவு வந்தது. காரைக்காலில் வேலை பார்ப்பவன் மாஹே என்றால் உத்தரவை ரத்து செய்ய ஆள் பிடிக்க ஓடுவான். நாட்டின் அந்தக் கரையில், கேரளத்துக்கு நடுவில் கிடக்கும் ஊர் அது. இவரோ அலுவலகத்துக்கே லட்டு வாங்கிக் கொடுத்தார்! இங்கே விடுவித்த நாளிலிருந்து பத்து நாளுக்குள் போய் வேலையில் சேர வேண்டும். அறுநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். சைக்கிளில் போவதென்று தீர்மானித்துவிட்டார். மனைவி பூங்கொடி ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "பத்து நாள்ல போயிச் சேரலன்னா, நான் அங்க வந்ததும் மொத வேலையா அந்தச் சைக்கிள எடைக்குப் போட்டுருவேன்." பூங்கொடி சொன்னால் செய்கிறவர்.

ஆக, யாரிடமும் வழி கேட்கக் கூடாது. அதற்கு ஜி.பி.எஸ். வேண்டும். கலைவாணன் ஒரு தாளில் கட்டம் போட்டார். பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும், வெயிலில் எழுத்து தெரியுமா, நனைந்தால் என்ன ஆகும், கீழே விழுந்தால் என்ன ஆகும் என்று எல்லாவற்றுக்கும் மார்க். சைக்கிளுக்கென்றே செய்த வெளிநாட்டுக் கருவியை இணையத்தில் படமாகப் பார்த்தார். விலையைப் பார்த்து அந்தக் கட்டத்தை அடித்துவிட்டார். துபாயிலிருந்து வந்திருந்த நண்பர் அஜ்மீர், காரில் வைக்கிற கருவி ஒன்றைக் கொடுத்தார். வண்ணத் திரை, இங்கிலீஷ் பேசும் பெண் குரல். கடற்கரைச் சாலையில் வைத்துப் பார்த்தால் திரை முழுக்க வெள்ளையாக இருந்தது. நடுவில் ஓர் அம்புக்குறி அநாதையாக நின்றது. துபாய் சந்து பொந்தெல்லாம் தெரிந்த அம்மாளுக்குக் காரைக்கால் தெரியவில்லை. இரண்டு மணி நேரத்தில் பேட்டரியும் படுத்துவிட்டது. அஜ்மீருக்குத்தான் வருத்தம், இவர் நிம்மதியாக அதற்கும் ஒரு கோடு போட்டார்.

மிச்சம் இருந்தது அண்ணன் செட். படகில் வைத்திருக்கிற கையடக்க ஜி.பி.எஸ். வரைபடம் கிடையாது, அம்பும் எண்ணும்தான். ஆனால் பெட்டிக்கடையில் கிடைக்கிற இரண்டு பென்சில் பேட்டரி போதும், உப்புத் தண்ணீரில் ஊறியும் உயிரோடு இருக்கிறது, நடு வெயிலில் கறுப்பு எழுத்து பளிச்சென்று தெரிகிறது. எல்லாக் கட்டத்திலும் முழு மார்க். மீன்பிடித் தடைக்காலம் வேறு. நாற்பத்தைந்து நாள் படகு கரையில்தான். அன்பழகன் சில நாள் ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார். மீன் கிடைத்த இடங்களையெல்லாம் அவர் அதில் பதிந்து வைத்திருக்கிறார். பாயிண்ட் என்பார்கள். ஒரு படகின் பாயிண்ட்டை இன்னொரு படகுக்குக் காட்ட மாட்டார்கள். கூடப் பிறந்தவன் படகானாலும் அப்படித்தான்.

கலைவாணன் தன் வீட்டை ஒரு பாயிண்ட்டாகப் பதிந்துகொண்டு, போலகம் வரை போய், அங்கிருந்து அம்பு காட்டிய பக்கமே திரும்பினார். கடலில் அம்பு காட்டினால் நேரே போகலாம். கடல் வீட்டுப் பிள்ளைக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. சாலையை விட்டார், வயல் வரப்பில் இறங்கினார், வாய்க்காலில் சைக்கிளைத் தோளில் தூக்கினார். கடைசியில் அரசலாற்றுக் கரையில் போய் நின்றார். பாலம் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. அம்பு ஆற்றைத் தாண்டி நேரே காட்டிக்கொண்டிருந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பூவாயி என்ற அம்மாள், "எங்க தம்பி போவணும்?" என்று கேட்டார். வீட்டுக்கு என்றார் இவர். அந்த அம்மாள் ஆற்றைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். இதை என்னிடம் சொல்லிவிட்டு, கலைவாணன் கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தார்.

அந்தக் கரையில்தான் அவருக்கு விஷயம் பிடிபட்டது. மாஹேயை ஒரே பாயிண்ட்டாகப் பதிந்தால் ஆகாது. வழியில் வருகிற ஒவ்வொரு பாலமும் ஒவ்வொரு திருப்பமும் ஒரு பாயிண்ட்டாக வேண்டும். மறுநாளே இன்டர்நெட் சென்டரில் உட்கார்ந்துவிட்டார். மேலிருந்து எடுத்த படத்தில் சாலையைத் தடவித் தடவி, எண்களைக் குறித்தார். ஐந்து நாள். குடமுருட்டி, வெண்ணாறு, காவிரி, பாரதப்புழை என்று மொத்தம் நூற்று அறுபத்து நான்கு. கைகால் பரபரக்கச் செட்டை எடுத்துப் பதியப் போனால், இடமில்லை என்றது செட். ஐந்நூறு பாயிண்ட்தான் அதற்குக் கொள்ளும். வீட்டுக்குப் பதிந்த ஒன்று போக மற்றதெல்லாம் அண்ணனுடையது. பன்னிரண்டு வருஷத்துப் பாடு.

அழிக்க வேண்டுமென்றால் முதலில் எங்கேயாவது எழுதி வைக்க வேண்டும். அன்பழகன் அதுவரை ஒரு பாயிண்ட்டைக்கூடத் தாளில் எழுதியதில்லை. எழுதினால் எவனாவது படித்துவிடுவானே! முடியவே முடியாது என்றுவிட்டார். "இவனுக்குக் கடல்ல சோறு நிக்காது, கரையில பேச்சு நிக்காது. இவன் கையில என் பாயிண்ட்டக் குடுத்தா நாளைக்கே நாகூர் வரைக்கும் தெரிஞ்சிரும்" என்று என் எதிரிலேயே சொன்னார். நானாக இருந்தால் கோபப்பட்டிருப்பேன். கலைவாணன் தலையைக் குனிந்துகொண்டு, "அண்ணன் சொல்றது நெசந்தான் சார்" என்றார். அன்று டீக்கடைக்கு அவர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பெஞ்சே வெறிச்சென்று ஆகிவிட்டது.

மூன்றாம் நாள் மத்தியானம் அன்பழகனே தம்பி வீட்டுக்கு வந்தார், கையில் செட்டும் ஒரு நாற்பது பக்க நோட்டும். பூங்கொடியைப் பிள்ளைகளோடு பக்கத்து வீட்டுக்கு அனுப்பினார். ஜன்னலைச் சாத்தினார். "எழுதுடா" என்றார். செட்டில் எண் மட்டும்தான் இருக்கும். எந்த எண்ணில் பார் என்கிற கடலடிப் பாறை இருக்கிறது, எதில் வஞ்சிரம், எந்த மாதத்தில் என்பதெல்லாம் அவர் தலைக்குள். அதையும் சேர்த்துச் சொன்னார். சித்திரை வெயிலில் மூடிய அறைக்குள், அழிக்கப்போகிற நூற்று அறுபத்து நான்கையும் தம்பி தன் முத்துக் கையெழுத்தில் எழுதினார். எழுதி முடித்ததும் அண்ணன் நோட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஒன்கிட்டயே இருக்கட்டும். தடை முடியறதுக்குள்ள வந்து ஏத்திக் குடுத்துரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நோட்டைத் தம்பியிடமே விட்டுப் போனாரே, அதைக் கலைவாணன் என்னிடம் இரண்டு தரம் சொன்னார்.

பிறகென்ன, கிளம்பிவிட்டார்! அக்னி நட்சத்திரம். விடியற்காலை நான்கு மணிக்கு மிதித்து, பத்து மணிக்கு ஏதாவது மரத்தடியில் ஒதுங்கி, வெயில் தாழ்ந்ததும் மறுபடி மிதி. தினம் ஒரு ரூபாய் நாணயத்தைப் போட்டு எனக்கு போன் செய்வார். கரூர் தாண்டியாகிவிட்டது, ஒரு ஆளிடமும் பேசவில்லை, வாய் அரிக்கிறது என்பார். எட்டாம் நாள் மத்தியானம் அலைச் சத்தத்தோடு போன் வந்தது. "சார், செட்டு பூஜ்யம்னு காட்டுது சார்! வந்துட்டேன்!" அடுத்த அரை மணி நேரம் நாணயத்துக்கு மேல் நாணயமாகப் போட்டுப் பேசினார், எனக்கு இடம் கொடுத்தால்தானே.

வைகாசியில், தடை முடிய மூன்று நாள் இருக்கும்போது, ரயிலேறி வந்தார். அவர் வீட்டுக்குப் போனேன். தரையில் சம்மணமிட்டு, மடியில் நோட்டை விரித்து, பாலங்களை ஒவ்வொன்றாக அழித்துவிட்டு அண்ணனின் கடலைத் திரும்பவும் ஏற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. பாலக்காட்டுக் காற்று சைக்கிளைப் பின்னுக்குத் தள்ளியதை, ஒரு கடைக்காரர் கையை ஆட்டிக் கூப்பிட்டும் இவர் பல்லைக் கடித்துக்கொண்டு போனதை, மாஹே வீட்டுக்காரர் வாங்கும் பென்ஷன் எவ்வளவு என்பதை, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். நாற்காலி இல்லாததால் நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். மீனுக்கும் எனக்கும் சாப்பாட்டுத் தட்டில் மட்டும்தான் பழக்கம். இருந்தாலும் கண் சும்மா இருக்கிறதா, நோட்டுப் பக்கம் கொஞ்சம் குனிந்தேன்.

கலைவாணன் பேச்சை நிறுத்தவில்லை, என் முகத்தை விட்டுப் பார்வையையும் எடுக்கவில்லை. பாலக்காட்டுக் காற்று மறுபடி எந்தப் பக்கமிருந்து வீசிற்று என்று சொல்லிக்கொண்டே, இடது உள்ளங்கையை எழுத்தின் மேல் விரித்து வைத்தார்.