ஷிஹாரா கறுக்கவைத்த மண்

ஆலங்குடாவில் ஷிஹாரா வெங்காயம் செய்த காணி யாகப்புவுடையது. அவளும் கணவன் ஜவாஹிரும் அதைக் குத்தகைக்கு எடுத்தபோது வெறும் கடல்மணலாகக் கிடந்தது. எவ்வளவு இறைத்தாலும் தண்ணீர் நிற்காது. கிணற்றுத் தண்ணீரைக் குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம், உரம் கலந்திருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்ன நாளோடு ஜவாஹிர் உரப்பை வாங்குவதை விட்டான். மாட்டெருவையும் தழையையும் மக்கவைத்துப் போட்டான். முதல் போகங்கள் படுத்துவிட்டன. பைத்தியக்காரன் என்று ஊரில் சிரித்தார்கள். அவன் விடவில்லை. மெல்ல மெல்ல மணல் கறுத்தது, கையில் அள்ளினால் பிடிபட்டது.

போன வருடம் அவன் மாரடைப்பில் மவுத்தானான். வீட்டோடு இத்தா இருந்த நாட்கள் முடிந்ததும் ஷிஹாரா தனியாகத் தோட்டத்தில் இறங்கினாள்.

அப்போதுதான் விவசாயப் போதனாசிரியர் தினுஷன் வந்தார். இரசாயன உரமில்லாமல் பயிர் செய்கிறவர்களுக்கு அரசாங்கம் உதவித்தொகை கொடுக்கப் போகிறது என்றார். பாத்தியில் குந்தி மண்ணைக் கிளறினார். மண்புழுக்கள் நெளிந்தன.

“அக்கா, உங்களுக்குக் கிடைக்காட்டி வேற ஆருக்குக் கிடைக்கும்? காணிக்காரரிட கையெழுத்து மட்டும் வேணும்.”

அவளுக்குப் பெரிதாகப் பட்டது பணம் வரும் என்பதல்ல. ஜவாஹிர் செய்தது சரி என்று யாரோ ஒருவர் வாயால் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அன்று பின்னேரமே யாகப்பு வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி கத்தரினா தேத்தண்ணியை வைத்துவிட்டு, முகம் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

“யாகப்பண்ணன், இதில ஒரு கையெழுத்து வச்சுத் தாங்க. நான் குத்தகைக்குச் செய்றனென்டு மட்டும்தான் இருக்கு.”

யாகப்பு கடுதாசியை வாங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“வைக்கேலாது பிள்ள.”

“காணியப் பிடிச்சுக்குவனென்டு பயமா?”

“சீச்சி, உன்னையா? காணியக் குடுத்தாச்சு. மகன் றொமேஷ் இத்தாலியில இருந்தே கதைச்சு முடிச்சிட்டான். ஹோட்டல் கட்டப் போறாங்களாம். உன்னட்ட எப்பிடிச் சொல்றதெண்டு தெரியாம, உன்ர தோட்டப் பக்கம் வராமலே சுத்திச் சுத்திக் கோயிலுக்குப் போனன்.”

ஷிஹாரா கடுதாசியைத் திரும்ப வாங்கி மடித்தாள்.

“வெங்காயம் நிக்குதே” என்றாள்.

“கிண்டி எடு. அதுவரைக்கும் ஒருத்தனையும் கால் வைக்க விடமாட்டன்.”

அவர் சொன்ன சொல் காத்தார். வெங்காயமும் ஒருநாளும் இல்லாத விளைச்சல் கொடுத்தது. கடைசிப் பாத்தியைக் கிண்டி முடித்த மறுநாள் மண் தோண்டும் பெக்கோ வந்தது. கட்டடத்துக்கு ஆகாதென்று மேல்மண்ணை வழித்து ரோட்டோரப் பள்ளத்தில் தள்ளியது. ஷிஹாரா வேலியருகே நின்று பார்த்தாள். யாகப்பு மூச்சிரைக்க ஓடிவந்தார்.

“டிரக்டர் பிடிச்சுத் தாறன். மண்ணையாவது ஏத்திக்கொண்டு போ.”

“எங்கண்ணன் கொட்ட?”

அவளுடைய வீடு அகதிகளுக்குக் கொடுத்த துண்டுக் காணியில் இருந்தது. ஒரு வீட்டுச் சுவரில் அடுத்த வீட்டுக் கூரை முட்டும். தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரும் துரத்தப்பட்டபோது அவள் சிறுமி, வாப்பாவின் கையைப் பிடித்தபடி விளையாட்டுப் போலவே நடந்து வந்தாள். அவள் அழுதது இப்போதுதான். யாகப்பு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.

இப்போது அவள் நாட்கூலிக்குப் போகிறாள். மிளகாய்த் தோட்டமொன்றில் களை பிடுங்கிக்கொண்டிருந்தபோது தினுஷன் போனில் அழைத்தார்.

“வேற காணி ஏதும் பாத்தீங்களா அக்கா? பதிவு முடியப் போகுது.”

“பாத்தேன் சேர். குத்தகைக்கு இருக்கிறதெல்லாம் வெறும் வெள்ளை மணல்.”

அடுத்த வரிசையில் மருந்தடிக்கத் தொடங்கியிருந்தார்கள். ஷிஹாரா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, “வைக்கிறேன் சேர்” என்றாள்.