பொய் வெள்ளம்

குமுளி மலை ஏறுவதற்கு முன், ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற பஸ் அடிவாரத்தில் நிற்கிறது. எதிரே மின்நிலையம். டர்பைனைச் சுழற்றிவிட்டு வரும் தண்ணீர் ஓடுகிற கால்வாயில் இப்போது கணுக்கால் அளவுதான் இருக்கிறது. குட்டைகளில் கெண்டைகள் துடிக்கின்றன. எல்லாம் சினை மீன்கள். ஒருவர் அவற்றைக் கூடையில் பொறுக்கிப் போடுகிறார்.

"இதெல்லாம் எப்படி இங்க வந்துச்சு?" என்கிறேன்.

"மிசினு ஓடுனா, புது வெள்ளம்னு நெனைச்சு முட்டை போட ஏறி வருதுக. மேல போக வழியில்ல, சுவரு. மிசினை நிறுத்திட்டாகன்னா தண்ணி வத்திப்போகுது."

"ஆத்துல கொண்டுபோய் விட்டுரலாமே?" நியாயஸ்தன் போலக் கேட்கிறேன்.

"குடத்துல தூக்கிட்டுப் போயி விட்டுப் பாத்துட்டேன் சார். அதேதான் திரும்ப வருதான்னு தெரிய, ஒண்ணுக்கு முதுகுத் துடுப்புல செவப்பு நூலு கட்டுனேன். மிசினு ஓடுனதும் வந்துருச்சு. மூணு தடவை விட்டாச்சு."

குனிந்து இன்னொரு மீனை எடுக்கிறார். அதன் முதுகில் சிவப்பு நூல். டிரைவர் ஹாரன் அடிக்கிறார். நான் ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். அவர் கரையிலிருக்கும் குடத்தைப் பார்க்கிறார். பிறகு மீனைக் கூடைக்குள் போடுகிறார்.