முத்துச்செல்வி எழுதிக் கொடுத்த காரணம்

கழுத்தில் தாலி ஏறினால் கையில் இருக்கும் வேலை போய்விடுமா? சுங்குவார்சத்திரம் பக்கத்தில் செல்போன் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் போய்விடும். எழுதி வைத்த விதி எதுவும் கிடையாது. "கல்யாணம் ஆயிடுச்சா?" என்று வாயால் கேட்பார்கள். ஆமாம் என்றவள் மறுநாள் வர வேண்டாம்.

சங்கரன்கோவில் பக்கத்துப் பெண் முத்துச்செல்வி அங்கே நான்கு வருடம் நின்றபடியே வேலை பார்த்தவள். தம்பியின் பாலிடெக்னிக் படிப்பு அவள் உழைப்பில்தான் ஓடியது. வைகாசியில் அவளுக்குத் திருமணம். அக்கா கல்யாணம் என்று பொய் சொல்லி லீவு வாங்கினாள். தன் கல்யாணத்துக்குத் தானே விருந்தாளி போலப் போய்வந்த கொடுமையை எங்கே போய்ச் சொல்வது! கணவன் இசக்கிபாண்டி ஒரகடத்தில் லாரி ஓட்டுகிறான். அவன் நண்பர்களோடு ஓர் அறையில், இவள் பெண்கள் விடுதியில்.

ஒவ்வொரு ஷிஃப்டுக்கு முன்பும் தாலிக்கயிற்றைக் கழற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டுவாள்.

அன்று வெள்ளிக்கிழமை. மாமியார் போனில் சொன்னபடி கயிற்றுக்கு மஞ்சள் பூசிக் குளித்தாள். கயிற்றைக் கழற்றிவிட்டாள். கழுத்தில் ஊறிய மஞ்சளை எப்படிக் கழற்றுவது? வேலை நடுவே வேர்வையோடு அது கம்பெனி கொடுத்த வெள்ளைக் கோட்டின் காலரில் இறங்கியது.

பக்கத்தில் நின்ற வாலாஜாபாத் சந்திரலேகாதான் முதலில் பார்த்தாள்.

"இன்னாடி இது, காலரு பூரா மஞ்சாவா கீது? மூடுடி சீக்கிரம்!"

மூடுவதற்குள் சூப்பர்வைசர் பார்த்துவிட்டார். பத்தே நிமிடத்தில் எச்.ஆர். அதிகாரி கோமதிநாயகத்தின் முன்னால் அவள் நின்றாள். அவரும் தென்காசிப் பக்கத்துக்காரர்தான்.

"நம்ம ஊருப் புள்ளன்னு சொல்லுதேன், தங்கச்சி. குடும்பச் சூழ்நிலையால விலகுறேன்னு நீயே எழுதிக் குடுத்துரு."

"நாலு வருசத்துல ஒரு பீஸாவது தப்பா அனுப்பியிருக்கேனா, சார்?"

"அதை யாரு கேட்டா? நாளைக்குப் பிள்ளை பெத்துட்டு லீவு கேப்ப."

"போன மாசம் நம்ம லைன் இன்ஜினியர் ரகுபதி சாருக்குக் கல்யாணம். லைனை நிறுத்திக் கேக் வெட்டுனீங்க. நாங்கதான் கை தட்டுனோம். அவருக்குப் பிள்ளை பிறக்காதா?"

"அவன் ஆம்பளைம்மா," என்று சிரித்தார்.

பெண்கள் படிக்கிறார்கள், சம்பாதிக்கிறார்கள் என்று மேடைதோறும் மார்தட்டுகிறோமே, அந்தச் சிரிப்பை நம்மில் யார் தட்டிக்கேட்டோம்? முத்துச்செல்விக்குக் கண்ணீர் பொங்கியது. அழுதுகொண்டேதான் எழுதினாள்.

வாங்கிப் படித்தவரின் முகம் கறுத்தது. 'எனக்குக் கல்யாணம் ஆனதால் வேலையை விட்டு அனுப்புகிறார்கள். நானாக விலகவில்லை.'

"வேற எழுது."

"வேற காரணம் இல்லையே, சார்."

"கிழிச்சுப் போட்டுருவேன்!"

"கிழிங்க. எத்தனை தாள் குடுத்தாலும் இதைத்தான் எழுதுவேன்."

கிழித்தார். எழுதினாள். மறுபடி கிழித்தார்.

மூன்றாவது தாளிலும் அதையே எழுதினாள்; ஆனால் அவரிடம் நீட்டவில்லை. நான்காக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தாள். தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு எந்த பஸ் போகும் என்று கம்பெனி வாசல் காவலாளியிடமே கேட்டாள்.